அடிக்குறிப்பு பதினேழு

முதல் வரைவு திரும்பி வந்தது,
ஓரமெல்லாம் பச்சை மை.
"நெஞ்சை உருக்கும்" என்பதைச் சுற்றி ஒரு வட்டம்:
யாருடைய நெஞ்சு? பக்க எண்?
கேதாரகௌரி மிஸ் சிவப்பு மை பாவிப்பதில்லை.
பச்சையென்றால் வலிக்காது என்று நினைக்கிறார் போலும்.

"அரைப்பேர்" என்பதற்கு விளக்கம் கேட்டிருந்தார்.
எழுதினேன்: கொழுந்து நிறை குறைந்தால்
அந்த நாளுக்குப் பாதிச் சம்பளம்.
ஆதாரம்? என்று மறுபடியும் பச்சை.
அம்மாவின் சம்பளத் துண்டை
எந்த மேற்கோள் முறையில் காட்டுவது என்று
விடுதியில் சுகிர்தாவைக் கேட்டேன்.
அவள் உண்மையாகவே யோசித்தாள்.
"ஆசிரியர் பெயரில்லாத ஆவணம். கம்பனி பெயரைப் போடு."

என் ஆய்வு ஒரே ஒரு சிறுகதை.
அறுபதுகளில் ஹட்டனிலிருந்து வந்து
ஏழாம் இதழோடு நின்றுபோன சஞ்சிகையில்
எவரோ புனைபெயரில் எழுதியது.
அரைப்பேர் போட்ட கணக்கப்பிள்ளையின் மேசைக்கு முன்
குந்தியிருக்கிறாள் ஒரு பெண்.
கடைசி வரி: "அவள் விழுந்தாள்."

ஐந்து கட்டுரைகள் அந்த வரியை எடுத்தாள்கின்றன.
ஒருவர் சரணாகதி என்றார்.
ஒருவர் பசி மயக்கம்.
இருவரையும் மறுத்த மூன்றாமவர்
ஒரு வர்க்கமே விழுந்தது என்றார்.
நானும் எழுதினேன், விழுதலைப் பற்றி மட்டும் ஆறு பக்கம்,
பேராதனையிலிருந்து ஹட்டன் வரை
ரயில் கதவடியில் நின்றபடி
கைபேசியில் பெருவிரலால்.

மூலத்தைப் பார்த்தீர்களா?
இம்முறை பச்சையில் அது மட்டுந்தான்.

பார்க்கவில்லை. பார்த்தவர் யாரென்றும் தெரியவில்லை.
அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு இறங்கினால்
ஐந்தாமவர் நான்காமவரிடம் கடன்,
நான்காமவர் இரண்டாமவரிடம்,
எல்லோரும் கடைசியில் முதலாமவர் வாசலில்.
அவர் இறந்து இருபது வருஷம்.

ஹட்டனில் சங்கக் காரியாலயத்தில்
படிக்கட்டுக்குக் கீழே ஓர் அலுமாரி.
சாவி மரியதாஸிடம்.
"நாலு மணிக்குப் பூட்டிருவேன், தங்கச்சி."
சந்தா ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்
ஐந்தாம் இதழ், பனியில் ஊறிக் காய்ந்து
நமுத்த அப்பளம் மாதிரி.

"அவள்" இருந்தது.
"ழுந்தாள்" இருந்தது.
நடுவில் ஓர் எழுத்தின் இடத்தில்
பூச்சி தின்ற ஓட்டை.
அதற்குள்ளால் அடுத்த தாளின் பற்பொடி விளம்பரம்
கொஞ்சம் சிரித்தது.

வி-யாக இருக்கலாம்.
எ-யாகவும் இருக்கலாம்.
வி-யின் மேல்வளைவு மிஞ்சியிருக்குமோ என்று
கைபேசி வெளிச்சத்தில் விளிம்பைத் தேடினேன்.
அடிமட்டம் வைத்தேன்: நாலு மில்லிமீற்றர்.
அதே பக்கத்தில் வேறு வி-க்களையும் எ-க்களையும்
பிடித்துப் பிடித்து அளந்தேன்.
இரண்டும் பொருந்தின, ஏறக்குறைய.
முதலாமவர் படித்த நாளில் இந்த ஓட்டை இருந்ததா?
பூச்சிக்குத் திகதி கிடையாது.

எழுந்தாள் என்று எழுதிப் பார்த்தேன்.
ஐந்து பேரும் பொத்தென்று விழுந்தார்கள்.
கட்டுரை அவ்வளவு அழகாகிவிட்டது.
அதுதான் பயமாக இருந்தது.
முதலாமவருக்கும்
இப்படித்தான் இருந்திருக்கும்.

ஆறு பக்கத்தை அழித்தேன்.
மிஞ்சியது அடிக்குறிப்பு பதினேழு:
மூலப் பிரதியில் ஓர் எழுத்து சிதைந்துள்ளது.
இங்கு அது வெற்றிடமாகவே விடப்படுகிறது.

ஹட்டன் கடைத்தெருவில், மழையில்,
கொம்யூனிகேசன் கடை டிலக்‌ஷன்
பிரிண்ட் எடுத்து அடுக்கிக்கொண்டே சொன்னான்:
"அக்கா, ஒரு இடத்துல எழுத்து விட்டிருந்தீங்க.
நான் போட்டுட்டேன்."

தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.
"எடுத்துரு தம்பி" என்றேன்.
"அப்ப அந்தப் பக்கம் திரும்ப அடிக்கணும்,
இன்னும் இருபது ரூவா."
கொடுத்தேன்.
அவன் எதைப் போட்டிருந்தான் என்று
பஸ் ஏறிய பிறகுதான்
கேட்கத் தோன்றியது.